ஆரோக்கியம்மாளுக்குக் காய்ச்சல் இல்லை

வண்டியை நிறுத்தத்தில் நிறுத்தாமல் புளியமரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினால் ஆரோக்கியம்மாள் ஏற மாட்டாள். நின்ற இடத்திலேயே நின்று, ஓட்டுநரின் காதில் விழும்வரை கத்துவாள். "போர்டு இங்க நிக்குது, நீ எங்கய்யா போற? அந்த மரம் என்னா உனக்கு மாமனா மச்சானா?" சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகும் அதிகாலை முதல் வண்டி அது. பழகின ஓட்டுநர்கள் முனகிக்கொண்டே பின்னால் எடுப்பார்கள். புதிதாக வருகிறவர்களும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். ஏறிய பிறகு அவளிடம் கோபத்தின் சுவடே இருக்காது. "பெரிய பையனுக்குப் பொண்ணு அமைஞ்சிதா?" என்று நடத்துநரை விசாரித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கீரப்பாளையம் வருவதற்குள் தூங்கியும் போவாள்.

ஐம்பதைத் தாண்டிய, கட்டையான உடம்பு. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த வடுக்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். தாலிக்கயிற்றோடு மாதா பதக்கமும் தொங்கும். கணவன் காத்தவராயன் கொத்தனாரிடம் கையாள், அதிர்ந்து பேசாதவன், ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அவரு சாமி அவருக்கு, எம் மாதா எனக்கு. சோறு ஒரே சட்டிலதான் வேவுது" என்று முடித்துவிடுவாள்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் அவள் சமையல்காரி. கல்லூரியில் படிக்கிற பெண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் தங்கியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம். சமையலறைக்குள் நுழைந்ததும் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். சிவப்பு சோப்பால் முழங்கைவரை தேய்த்துக் கழுவுவாள். நகம் வளர்த்த கையோடு யாரும் அவள் பாத்திரத்தைத் தொட முடியாது. ருசி பார்க்க உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாள்; கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பெண்களின் பெயர் அவளுக்கு நினைவிருக்காது, அவர்கள் தட்டில் ஒதுக்குவதுதான் நினைவிருக்கும். "ஏ கருவேப்பில, இங்க வா." "தக்காளித்தோலு, நேத்து ஏன் சாப்புட வரல?" பெண்களும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சில்லறைக் கோபத்துக்குத்தான் அவள் சத்தம் போடுவாள். மெய்யாகவே கோபம் வந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி தணிந்துவிடும். அந்தக் குரலை விடுதியில் யாரும் கேட்டதில்லை, போன வருஷம் ஆவணி மாதம்வரை.

உணவு ஒப்பந்தக்காரன் ராஜவேல் ஒரு நாள் சமையலறை ஆட்கள் எல்லோரையும் ரத்தம் கொடுக்கச் சொன்னான். சமையலறையின் சுகாதாரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமாம். ஆய்வகத்துக்காரி வந்து ஊசியால் எடுத்துக்கொண்டு போனாள். ஆரோக்கியம்மாள் கையை நீட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவை கருகிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். காலைப் பந்திக்கு வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சுவும் ஆகிவிட்டன. பெண்கள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ராஜவேல் பைக்கை நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்தான். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். அவளை நீ என்பான், அவள் அவனை சார் என்பாள்.

"ஆரோக்கியம், கரண்டிய கீழ வை. வெளிய வா."

"என்னா சார்?"

"உனக்கு டைபாய்டு பாசிட்டிவ்னு வந்துருக்குது."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்குக் காய்ச்சலே இல்லியே சார். தொட்டுப் பாருங்க."

அவன் தொடவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தான். "ரத்தத்துல இருக்குதுன்னு போட்டுருக்கான். அளவு ஒன்னுக்கு நூத்தியறுவதாம். இது பொண்ணுங்க சாப்புடற எடம். நாளைக்கு ஒன்னுன்னா அவுங்க அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"எனக்கு ஒன்னும் பண்ணல சார். நல்லாதான் இருக்கேன்."

"உங்க காலனிப் பக்கம் தண்ணி எப்புடி, சுத்தம் எப்புடின்னு எனக்குத் தெரியாதா? வூட்டுக்குப் போ. சொல்லி அனுப்பறேன்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி, காய் நறுக்கிக்கொண்டிருந்த தில்லையம்மாளைப் பார்த்து, "அந்தக் கொத்சைக் கொட்டு" என்றான். தில்லையம்மாள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு இன்னொருத்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அண்டாவைத் தூக்கிப் போய்ப் பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். விடியலிலிருந்து சுட்டு, தோலுரித்து, மசித்த கத்திரிக்காய். நல்லெண்ணெய் மினுமினுக்க அது சாக்கடையில் போவதை ஆரோக்கியம்மாள் பார்த்தாள். பொங்கலும் பின்னாலேயே போயிற்று. அவள் நின்ற இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். யாரும் சொல்லாமலே தில்லையம்மாள் அவளுடைய கரண்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வரிசையில் நின்ற கருவேப்பிலை, "ஆரோக்கியம்மா, என்னாச்சு?" என்று கேட்டது. ஆரோக்கியம்மாள் ஆணியிலிருந்த வளையலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வழக்கம்போல் தண்ணீர் கேட்டு வந்தபோது அவர்களுடைய அம்மா கூப்பிட்டுக்கொண்டாள். மாதா திருவிழாவுக்கு வருஷா வருஷம் பெரிய பானைச் சமையல் அவளுடையதுதான். அந்த வருஷம் கோயில்காரர்கள், "நீ ஒக்காருக்கா, எத்தினி வருசந்தான் நீயே செய்வ, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் அவளைச் சுட்டது. இலை போட்டு உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஓர் இலை காலியாகவே கிடந்தது. பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டாள்.

"வுடு ஆரோக்கியம். வேற எடம் பாத்துக்கலாம்" என்றான் காத்தவராயன்.

"வேற எடத்துல கேக்க மாட்டானா? டைபாய்டுக்காரின்னு பேரு வச்சுட்டானே. எம் பேரு ஆரோக்கியம்யா. அம்மா அப்பா வச்ச பேரு. அத மாத்த இவன் யாரு?"

அன்று அவள் குரல் தணிந்துதான் இருந்தது. காத்தவராயன் மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளோடு கடலூர் வண்டியில் ஏறினான்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் காத்திருந்து பார்த்த மருத்துவர் அருள்மொழி, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த இளம்பெண். ஆய்வகத்தாளைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், வயிற்றை அமுக்கினாள், காய்ச்சல் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"கோவம் வருது. வேற ஒன்னும் பண்ணல."

மருத்துவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "முன்ன எப்பயாச்சும் டைபாய்டு வந்துருக்கா?"

வந்திருந்தது. வெள்ளம் வந்த வருஷம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்த பிறகு, காலனியில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. அப்புறம் போன மாதம், ஆடியில், இரண்டு நாள் சளிக்காய்ச்சல், தானாகப் போய்விட்டது.

"இதுல பாத்துருக்கறது கிருமி இல்லம்மா," என்றாள் அருள்மொழி. "கிருமிய எதுத்து உங்க ஒடம்பு செஞ்சு வச்சிருக்கற சரக்கு. ஆன்டிபாடின்னு சொல்வோம். காய்ச்சல் போனாலும் அது ஒடனே போயிடாது. செலது சீக்கிரம் எறங்கும், செலது வருசக்கணக்குல ரத்தத்துல நிக்கும். நடுவுல வேற ஏதாச்சும் காய்ச்சல் வந்தா, பழசும் சேந்து கொஞ்சம் தலையத் தூக்கும்."

"அப்ப எனக்கு நோயி இருக்குதா இல்லியா?"

"இந்தப் பக்கத்துல நல்லா ஓடியாடிட்டு இருக்கறவங்க நெறைய பேருக்கு எடுத்துப் பாத்தா கொஞ்சமாச்சும் இருக்கும். என்ன தண்ணி குடிச்சாங்க, எப்ப காய்ச்சல்ல படுத்தாங்க, என்ன வயசு, எல்லாத்தப் பொறுத்தும் ஆளுக்கு ஆள் கூடும் கொறையும். ஒரே ஒரு தடவ பாத்துட்டு நோயின்னு சொல்ல முடியாது. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுப்போம். நல்லா ஏறியிருந்தா யோசிக்கணும். அப்படியே நின்னா பழசு. நீங்க சமைக்கறவங்க, அதனால மலத்தையும் டெஸ்ட் பண்ணிடுவோம். கிருமி வெளிய வருதான்னு அதுலதான் தெரியும்."

எல்லாம் செய்தார்கள். ரத்தத்தில் அந்த எண் ஏறவில்லை. மலத்தில் கிருமி இல்லை, மறுபடி மறுபடி பார்த்தும் இல்லை. சமைக்கலாம் என்று அருள்மொழி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வரும் வண்டியில் காத்தவராயன் நிம்மதியாக வேர்க்கடலை வாங்கி உரித்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது கேட்டாள்.

"அப்ப கொத்சை எதுக்குயா கொட்டுனான்?"

நோய் இல்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு முழுக்கோபமும் வந்தது. நோய் இருந்திருந்தால் அவன் செய்ததில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

விடுதியில் ராஜவேல் மருத்துவரின் சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "சரி, சந்தோசம். ஆனா பேரு கெட்டுப்போச்சே. வேற ஆளும் போட்டுட்டேன். ரெண்டு மூனு மாசம் ஆவட்டும்."

அவள் அவனோடு பேச்சை வளர்க்கவில்லை. காப்பாளர் தமிழ்ச்செல்வியின் அறை வாசலில் போய் நின்றாள். தமிழ்ச்செல்வி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டாலே எழுந்து நிற்கிறவள். ஆரோக்கியம்மாளை வெளியே அனுப்பிய தாளில் கையெழுத்து அவளுடையதுதான்.

"மேடம், நீங்களும் இங்கதான சாப்புடறீங்க? கூட்டம் ஜாஸ்தின்னா நீங்களே எறங்கிப் பரிமாறவும் செய்யறீங்க. நீங்க ரத்தம் குடுத்தீங்களா?"

"நான் எதுக்குக் குடுக்கணும்?"

"நான் எதுக்குக் குடுத்தேன்?"

தமிழ்ச்செல்வி மருத்துவரின் தாளை வாங்கினாள். ஆசிரியை அல்லவா, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு பின்னாலேயே வந்து நின்ற ராஜவேலிடம், "நாம ரெண்டு பேரும் குடுத்துடுவோம் ராஜவேல்" என்றாள். அவனால் மறுக்க முடியவில்லை. "எனக்கென்ன மேடம், நான் கேன் தண்ணி தவுர வேற குடிக்கறதில்ல" என்றபடி சட்டைக்கையை மடித்தான்.

முடிவு வந்த அன்று ஆரோக்கியம்மாளும் போயிருந்தாள். ராஜவேல் தன்னுடையதை முதலில் பிரித்தான். ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் வெளிச்சம் பரவியது. அடுத்ததைப் பிரித்தான். பார்த்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"என்ன போட்டுருக்கு?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஒன்னுக்கு முந்நூத்தியிருவது."

ஆரோக்கியம்மாளுடையதைப் போல் இரண்டு மடங்கு. ராஜவேல் உடனே தாளை மேஜையில் போட்டான். "மேடம், உங்களுக்கு எப்புடி மேடம் டைபாய்டு இருக்கும்? லேப்புல தப்பு பண்ணிட்டான். நான் பேசறேன். மறுபடி எடுக்கச் சொல்றேன்."

ஆரோக்கியம்மாளின் குரல் தணிந்து வந்தது.

"ராஜவேலு."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். சார் இல்லாமல் அவள் வாயில் அவன் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இருந்தா நோயி. மேடத்துக்கு இருந்தா லேப்பு தப்பா? எனக்கு மறுபடி எடுக்கணும்னு உனக்கு ஏன் தோணல? எங்கிட்ட ரெண்டடி தள்ளிப் போன இல்ல, இப்ப மேடத்துகிட்ட தள்ளிப் போ, பாப்போம். அவுங்க நின்ன எடத்துல பவுடர் தூவு. அவுங்க தொட்ட நாக்காலியத் தூக்கிச் சாக்கடையில போடு."

"நீ என்னா பேசற…"

"எங்க காலனித் தண்ணியச் சொன்னியே. மேடம் எந்தக் காலனி?"

தமிழ்ச்செல்விதான் பேசினாள், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "லேப்புல தப்பு இல்ல ராஜவேல். எனக்கு டைபாய்டு ரெண்டு தடவ வந்துருக்கு. கடைசியா வந்தப்ப முடியெல்லாம் கொட்டிப்போச்சு. எங்கிட்ட நீங்க கேக்கல. இவுங்ககிட்டயும் கேக்கல." தாளை எடுத்து மடித்தபடி, "நானும் படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். ஆரோக்கியம்மாள் அதைக் கேட்டாள், இரங்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்: போகச் சொன்னது எல்லோர் முன்னாலும், வரச் சொல்வதும் எல்லோர் முன்னாலும். காலைப் பந்தியில் ராஜவேல் சாப்பாட்டுக் கூடத்து நடுவில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, "நம்ம ஆரோக்கியம்… டெஸ்ட்டுல ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சு…" என்று ஆரம்பித்தான். அவள் குறுக்கே பேசினாள்.

"மிஸ்டேக்கெல்லாம் ஒன்னும் இல்ல. எனக்கு இருக்குது. மேடத்துக்கும் இருக்குது. இங்க ஒக்காந்திருக்கறவங்கள்ல எத்தினி பேருக்கு இருக்குதோ, எடுத்துப் பாத்தாதான் தெரியும். எப்பயோ வந்த நோயி வுட்டுட்டுப் போனது அது. இப்ப நோயிதான் இல்ல. அதச் சொல்லுங்க சார்."

அவன் அதைச் சொன்னான். தக்காளித்தோலு கைதட்டியது. ஆரோக்கியம்மாள், "சோறு ஆறுது, தின்னு" என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. தில்லையம்மாள் பல தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டாள். "கொட்டச் சொன்னான், கொட்டுன. உம் பொழப்பு, அது எனக்குப் புரியுது. கரண்டியத் தூக்கிப் போடச் சொல்லி யாருடி சொன்னது?" என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள். ஒரே அடுப்பங்கரையில் இருவரும் வேலை செய்கிறார்கள், தேவைக்குப் பேசிக்கொள்கிறார்கள், சிரித்துக்கொள்வதில்லை. ஊரில் திருவிழாப் பானையை மறுபடி கொடுக்க வந்தார்கள். "நான் ஒக்காந்தே சாப்புடறேன், நல்லாதான் இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் இப்போது அடிக்கடி போகிறாள். காலனிக்கு வரும் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே உடைந்து கிடக்கிறது. வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து ஒட்டுப் போட்டுத்தான் ஓடுகிறது. எழுத்தர் அவளைக் கண்டாலே கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். "எந்தத் தண்ணியக் குடிச்சி எனக்கு இது வந்துதோ, அந்தத் தண்ணியத்தான் எம் பேத்தி இப்ப குடிக்குது. நாளைக்கு அவ ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு இன்னொருத்தன் வெளிய போம்பான்" என்கிறாள். குழாய் இன்னும் மாறவில்லை.

இந்த ஆவணியில் மறுபடி சான்றிதழ் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஆய்வகத்துக்காரி பெட்டியைத் திறந்து, பஞ்சும் ஊசியும் எடுத்து மேஜையில் பரப்பினாள். சமையலறை ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். போன வருஷம் நடந்தது யாருக்கும் மறக்கவில்லை. யாரும் முன்னால் வரவில்லை. வாசலில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்த ராஜவேல், "ம், சீக்கிரம், ஒவ்வொருத்தரா வாங்க" என்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

ஆரோக்கியம்மாள் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து ஊசிக்காரி முன்னால் போட்டாள். முந்தானையால் அதை ஒரு தடவை துடைத்தாள். பிறகு அதன் முதுகைப் பிடித்தபடி, ராஜவேலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பேச்சை முடித்து, கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டு, உள்ளே வந்து உட்காரும்வரை கையை எடுக்கவில்லை.